ஃபேக்டரி கேட்டில் அத்தை

மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்குப் போகிற தார் ரோட்டில், இரண்டு டிராக்டருக்கு நடுவே, சாக்கு விரித்து அத்தை உட்கார்ந்திருந்தார். அத்தை என்றால் என் மாமியார். அப்போதே எண்பது தாண்டிவிட்டது. அவரை நினைத்தால் முதலில் இதுதான் வருகிறது.

எங்கள் ஊர் சித்தூர் ஜில்லாவில் கார்வேட்டிநகரம் பக்கம். அத்தைக்கு முப்பது வயது இருக்கும்போதே மாமனார் போய்விட்டார். மூன்று பிள்ளைகளையும் மாந்தோப்பையும் ஒற்றை ஆளாகப் பார்த்தார். கிணறு வெட்ட ஆள் வராத நாளில் தானே மண் சுமந்தார். நான் ஐந்தாவதுவரை படித்தவள். அவருக்கு அதுவும் இல்லை. ஆனால் தமிழிலும் சண்டை போடுவார், தெலுங்கிலும் போடுவார்.

அந்த வருஷம் எல்லாத் தோப்பிலும் கிளிமூக்கு மாங்காய் ஒன்றாக முற்றியது. சித்தூர் ரோட்டில் ஃபேக்டரிக்கு வெளியே டிராக்டர்கள் நாள்கணக்கில் நின்றன. என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். கூலிக்கு ஒரு டிரைவரை வைத்து, அத்தையும் நானும் லோடோடு போனோம். வரிசையில் பெண்கள் நாங்கள் இருவர்தான். ஒரு வருஷப் பிழைப்பு அந்த லோடு. வெயிலில் பழுத்துக்கொண்டே இருந்தது. காயாக வாங்கித்தான் உள்ளே பழுக்க வைப்பார்கள்; அழுகினால் எடுக்க மாட்டார்கள்.

மூன்றாம் நாள் மதியம் டிரைவர் சாப்பிடப் போன நேரம் வரிசை நகர்ந்தது. எங்களுக்கு முன்னால் இடம் காலி. பின்னால் நின்ற புத்தூர்க்காரர் வண்டியை ஒடித்து உள்ளே நுழையப் பார்த்தார். அத்தை சாக்கோடு போய் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரும்மா. வயசான காலத்துல வண்டி ஏறிடப் போவுது."

"ஏத்து நைனா. எம்மேல ஏத்திக்கினு போய் உன் மாங்காயக் கொட்டு."

புத்தூர்க்காரர் என்னைப் பார்த்தார். "மாமியார ஊட்ல கட்டிப் போட்டுட்டு வரக் கூடாதாம்மா?"

"கட்டத்தான் பாத்தா. கவுறு பத்தல" என்றார் அத்தை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டிரைவர் வரும்வரை அவர் எழவில்லை.

மறுநாள் காலை கேட்டுக்கு வந்தோம். சூப்பர்வைசர் நாலு காயை அழுத்திப் பார்த்தார். பழுத்துவிட்டது, திருப்பிக்கொண்டு போங்கள் என்றார். அத்தை ஒரு பழத்தை எடுத்துத் தோலோடு கடித்தார். இன்னொன்றை சூப்பர்வைசர் கையில் வைத்தார்.

"நீயும் துன்னு பாரு. மரத்துல காயாத்தான் அறுத்தேன். பழுத்தது உன் கேட்டுல. அழுவுனத பொறுக்கிப் போடு, மீதிய எடு."

அத்தை பின்னால் கை காட்டினார். "எனக்கு மட்டும் கேக்கல. இதோ நிக்கிறானே, அவன் லோடும் இப்பிடித்தான்."

புத்தூர்க்காரர் இறங்கி வந்து அத்தை பக்கத்தில் நின்றார். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். சூப்பர்வைசர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். அழுகியதைப் பொறுக்கிவிட்டு எல்லா லோடையும் எடுத்தார்கள்.

புத்தூர்க்காரருக்காக ஏன் பேசினீர்கள் என்று வழியில் கேட்டேன்.

"அவனும் மூணு நாளா காஞ்சிக்கினுதான இருந்தான்" என்றார். காலி டிரெய்லரில் படுத்துத் தூங்கிவிட்டார்.

போன மாசியில் அத்தை இறந்தார். அதற்கு முந்தின வாரம்வரை தோப்புக்கு நடந்து போனார்.

இந்த வருஷம் லோடோடு நான் போனேன். முன்னால் பதினெட்டு வண்டி. ஒருவர் வந்து, ரோட்டில் உட்கார்ந்த அந்தம்மாவின் மருமகளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தன் வண்டியை ஒதுக்கி, முன்னால் போகச் சொன்னார்.

"வேணாண்ணா. வரிசையிலயே வரேன்" என்றேன்.