மூன்று முறை அலம்பிய டேங்கு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. பட்டா மாறுதலுக்கும் மோட்டார் இணைப்புக்கும் மனு எழுதியதைத் தவிர ஒரு பக்கம் முழுதாக எதையும் எழுதியதில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் வராதவன், முகம் தெரியாதவர்களிடம் இவ்வளவு நீளமாகப் பேச வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் மருந்தடிக்கும் டேங்கைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒன்றை வாயால் சொல்லி யாருக்கும் விளங்கவைக்க என்னால் முடிந்ததில்லை. எழுதினால் விளங்குமா என்று பார்க்கிறேன்.

எங்கள் ஊர் பெரம்பலூர் மாவட்டம் முடிந்து அரியலூர் மாவட்டம் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. கரிசல் நிலம். ஒரு கொல்லையில் மக்காச்சோளம், அடுத்த கொல்லையில் பருத்தி என்று மாறி மாறி இருக்கும். என்னிடம் பதினாறு லிட்டர் பேட்டரி டேங்கு ஒன்று உண்டு. மாட்டுக்கொட்டகைத் தூணில் ஒரு முளை அடித்து அதில் மாட்டி வைத்திருப்பேன். முளையில் மாட்டிவிட்டால் அது என் டேங்கு இல்லை, தெருவின் டேங்கு. வேண்டியவர்கள் வாசலில் நின்று, "டேங்க எடுத்துட்டுப் போறேன்" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். பதிலுக்கு நிற்க மாட்டார்கள். திரும்பக் கொண்டுவந்து மாட்டும்போது மூன்று முறை அலம்பித்தான் மாட்டுவார்கள். அந்த மரியாதையை யாரும் தவறவிட்டதில்லை.

அந்த மூன்று முறையில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. தண்ணீர் ஊற்று, குலுக்கு, வாய்வழியாகக் கவிழ்த்துக் கொட்டு. இப்படி மூன்று தடவை. ஏன் மூன்று? இரண்டு போதாதா? மூன்றாவதோடு எல்லாம் போய்விட்டது என்று யார் பார்த்தார்கள்? பழைய டேங்கு போய் இதைப் புதிதாக வாங்கிய வாரம், எந்த மருந்தும் அதில் விழுவதற்கு முன், சமையலறையில் இருந்து கேசரிப் பவுடர் பொட்டலத்தை எடுத்துத் தண்ணீரில் கரைத்து உள்ளே ஊற்றினேன். வேலியில் ஒரு பழைய வெள்ளை வேட்டியைக் கட்டி அதன்மேல் அடித்தேன். வேட்டி ஆரஞ்சு நிறமானது. பிறகு வழக்கப்படி மூன்று முறை அலம்பிக் கொட்டினேன். நான்காவது தண்ணீர் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. அதே தண்ணீரை வேட்டியின் மறுபாதியில் அடித்தேன். முதலில் வந்தது ஆரஞ்சுத் தண்ணீர். அப்புறம்தான் மெல்ல வெளுத்தது.

டேங்கைக் கவிழ்த்துக் கொட்டினால் டேங்கில் இருப்பதுதான் போகிறது. ரப்பர் குழாயில் இருப்பது அங்கேயே இருக்கிறது. குழாய் முனையில் இருக்கும், அழுத்தி மருந்தடிக்கும் கைப்பிடியைத் திருகித் திறந்து பார்த்தேன். உள்ளே விரல்நுனி அளவுக்கு ஒரு வடிகட்டி இருக்கிறது. அதன் அடியில் ஒரு ரப்பர் வளையம். வளையத்துக்குக் கீழே ஆரஞ்சு நிறம் மோதிரம் போல ஒட்டியிருந்தது. புதையல் கிடைத்தவன் மாதிரி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

என் மனைவி வாளியோடு வந்து வேட்டியையும் என்னையும் பார்த்தாள்.

"ஊருல எல்லாரும் வாணல்ல கேசரி கிண்டுவாங்க. எங்க வூட்டுல டேங்குல கிண்டுறாங்க" என்றாள். "முந்திரி போட்டாச்சா, இன்னும் இல்லையா?"

அதற்குப் பிறகு இதை வேறு யாரிடமும் நான் சொல்லவில்லை.

போன ஐப்பசியில் என் மக்காச்சோளத்தில் சாரணைக் களை மண்டிவிட்டது. ஆள் கிடைக்கவில்லை. அகன்ற இலைக் களையைக் கொல்லும் மருந்து வாங்கிவந்தேன். கடையில் டூ ஃபோர் டி என்று கேட்டால் கொடுப்பார்கள். அது சோளத்தை ஒன்றும் செய்யாது. பருத்தியைத் தொட்டால் கெடுத்துவிடும். எப்படிக் கெடுக்கும் என்று ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். குன்னம் போகும் வழியில் ஒரு கொல்லையில் பருத்தி இலையெல்லாம் வெண்டை இலை மாதிரி விரல் விரலாகப் பிரிந்து, குருத்து முறுக்கிக்கொண்டு நின்றது. ஏதோ நோய் என்றார்கள், விதை சரியில்லை என்றார்கள். அந்தப் பருத்திக்குக் கடைசியாக எந்த டேங்கில் மருந்தடித்தார்கள் என்று கேட்க எனக்கு ஆசை. தெரியாத ஆள் கொல்லையில் இறங்கி எப்படிக் கேட்பது? சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

அதனால் என் சோளத்துக்கு அடிக்கும்போது எனக்குத் தெரிந்த எல்லாக் கவனத்தையும் எடுத்தேன். மூடிக் கணக்கு பார்க்காமல் சீசாவோடு வந்த அளவுக் குவளையில் அளந்தேன். முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, கண்ணாடி, வாயைச் சுற்றி ஒரு துண்டு. டேங்கில் பாதிவரை தண்ணீர் பிடித்துக்கொண்டு மருந்தை ஊற்றினேன். முதலில் மருந்து, பிறகு தண்ணீர் என்று ஊற்றினால் நுரைத்துக்கொண்டு மேலே வருகிறது. அதையும் ஒருமுறை செய்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சீசாவைக் கழுவிய தண்ணீரும் டேங்குக்குள்தான் போனது. ஒரு குச்சியின் நுனியில் பருத்தி நூல் கட்டி வரப்பில் நட்டேன். நூல் தொங்கினால் அடிப்பேன், ஆடினால் நிறுத்துவேன். பக்கத்துக் கொல்லை என் அண்ணியுடையது, அதில் பருத்தி நின்றது. அந்த ஓரத்தில் ஆறு வரிசைக்கு மருந்தே அடிக்காமல் களையோடு விட்டேன்.

முடித்தபோது மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. டேங்கை மூன்று முறை அலம்பி, அந்தத் தண்ணீரை வாய்க்காலில் விடாமல் சோளத்துக்குள்ளேயே கொட்டினேன். குழாயைக் கழுவ வேண்டும், வடிகட்டியைக் கழற்ற வேண்டும், சலவைச் சோடா கரைத்து ஊற்றி ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கொட்டகையில் கொண்டுபோய் முளையில் மாட்டினேன்.

மாட்டும்போதே நினைத்தேன், கைப்பிடியில் ஒரு துணியைக் கட்டலாம், யாரும் எடுக்க வேண்டாம் என்று தெரியும். துணியைக்கூடக் கையில் எடுத்தேன். பிறகு, டேங்கைக் கொடுக்க மனமில்லாமல் கட்டி வைத்திருக்கிறான் என்று நினைத்துவிடுவார்களே என்று கூச்சமாக இருந்தது. துணியைப் போட்டுவிட்டேன்.

மறுநாள் முழுக்கத் தூறல், டேங்கைத் தொடவில்லை. அதற்கடுத்த நாள் வானம் வெளுத்தது. அன்று கீழப்பழுவூர்ப் பக்கம் உறவில் ஒரு காதுகுத்து. மொபெட்டில் தனியாகப் போனேன். பந்தியில் உட்கார்ந்ததும் இலையில் முதலில் கேசரி வைத்தார்கள். நல்ல ஆரஞ்சு நிறம். அதைப் பார்த்ததும் கழுவாமல் மாட்டிய குழாய் நினைவுக்கு வந்தது. எழுந்து வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டேன்.

"கொட்டாயில டேங்கு இருக்கா பாரு."

"இல்லீங்களே. அக்காதான் எடுத்துட்டுப் போனாங்க. இன்னைக்கு விட்டா மழை வந்துடும், இல மடிஞ்சு மடிஞ்சு நிக்குது, அசுவினிப் பூச்சி அப்பிக் கெடக்குன்னு சொன்னாங்க."

அக்கா என்று என் மனைவி சொன்னது என் அண்ணியை. என் அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறார். அந்த வருடம்தான் முதல்முறையாக அண்ணி ஆளிடம் விடாமல், விதை ஊன்றியதில் இருந்து உரம் வைத்ததுவரை ஒரு ஏக்கரையும் தானே பார்த்தார். வேண்டாம், உன்னால் முடியாது என்று சொன்னவர்களில் என் அண்ணனும் உண்டு. செடி இடுப்பளவு வந்து மொட்டு வைத்திருந்தது.

அண்ணியின் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மொபெட்டை முறுக்கினேன். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரி. ஒன்றை முந்தினால் முன்னால் இன்னொன்று.

நான் கொல்லைக்குப் போனபோது அண்ணி டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு மூன்றாவது வரிசையின் கடைசியில் நின்றார். வரப்பை ஒட்டி இரண்டு பெண்கள் களைகொத்திக்கொண்டிருந்தார்கள். கத்திக் கூப்பிட வேண்டும். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பிறகு எப்படியோ, "அண்ணி, நிறுத்துங்க" என்று வந்துவிட்டது. மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்ன தம்பி, பந்தியில எடம் கெடைக்கலையா?" என்றார் அண்ணி.

"அந்த டேங்கு வேணாம், அண்ணி."

களைகொத்திய இருவரில் மூத்தவள் சிரித்தாள். "டேங்கு தேஞ்சிருமேன்னு ஓடியாந்துட்டாரு பாருங்க. சொல்லியிருந்தா அடிக்காம சும்மா தூக்கிட்டு நடந்திருப்பமே."

எந்தப் பேச்சுக்குப் பயந்து துணியைக் கட்டாமல் விட்டேனோ, அதே பேச்சு.

"முந்தாநேத்து அதுல களை மருந்து அடிச்சேன். பருத்திக்கு ஆவாது."

"அலம்புனீங்களே. வரப்புல நின்னு நாந்தான் பாத்தேனே. மூணு வாட்டி."

"டேங்க அலம்புனேன். கொழாய அலம்பல."

அண்ணி கையில் இருந்த குழாய்க் கைப்பிடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "கொழாயில எவ்வளவு இருக்கப்போவுது? ஒரு டம்ளர் இருக்குமா?"

எனக்கு வேறு வழி தெரியவில்லை. கேசரிப் பவுடரையும் வேட்டியையும் சொன்னேன். ஆரஞ்சு மோதிரத்தையும் சொன்னேன். சொல்லச் சொல்லக் களைகொத்துகிறவர்கள் கொத்தைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். அண்ணி சிரிக்கவில்லை. டேங்கை இறக்கி வரப்பில் வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார்.

"இன்னைக்கு அடிக்கலன்னா நாளைக்கு மழை. மழையில அடிக்க முடியாது. பூச்சி உறிஞ்சிப்புட்டுப் போயிரும். உங்க கேசரிக்காக நான் ஒரு ஏக்கர விடணுமா, சொல்லுங்க."

அவர் சொன்னதும் நிஜம். டேங்கில் மிச்சம் இருப்பதை என் சோளத்தில் அடித்துக்கொள்கிறேன், வேறு டேங்கு எங்கேயாவது கேட்டுத் தருகிறேன் என்றேன். கீழத்தெருவில் ஒன்று இருந்தது. போன் போட்டதில் அது இன்று வேறு கொல்லையில் ஓடுகிறது, நாளைக் காலை கிடைக்கும் என்றார்கள்.

அண்ணி வாயில் கட்டியிருந்த புடவைத் தலைப்பை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"சரி. நாளைக்குக் காலைல இந்த மூணு வரிசையையும் பாப்போம். செடி நல்லா நிமுந்து நின்னுச்சுன்னு வைங்க, உங்க கேசரிக் கதைய நான் ஊரு பூரா மைக்கு வச்சிச் சொல்லுவேன்."

"மைக்கு செலவு நாங்க போடுறோம்" என்றாள் களைகொத்திய மூத்தவள்.

அண்ணி முதல் வரிசையை எந்த முனையில் தொடங்கினார் என்று கேட்டு, அங்கே ஒரு குச்சி நட்டேன். கேசரிப் பவுடர் சொன்னது சரியென்றால் முதலில் பீய்ச்சியதில்தான் வம்பு இருக்க வேண்டும். அந்த முனையில்தான் அது தெரிய வேண்டும்.

மிச்சத்தைச் சோளத்தில் அடித்து முடித்து, டேங்கை வீட்டுக்குக் கொண்டுவந்து, அன்று முழுவதுமாகப் பிரித்தேன். கையுறை போட்டுக்கொண்டு மருந்து பீய்ச்சும் நாசிலைக் கழற்றிப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். எங்கள் பக்கம் நாசில் அடைத்தால் வாயில் வைத்து ஊதுவார்கள். நானும் ஊதியிருக்கிறேன், இப்போது இல்லை. தண்ணீர் ஊற்றி, கொல்லை ஓரத்துத் தரிசில் நின்று குழாய் வழியாகவே முழுவதையும் அடித்து வெளியேற்றினேன். பிறகு கைப்பிடியைத் திறந்து வடிகட்டியை மூக்கருகே கொண்டுபோனேன். களை மருந்தின் வாசனை இருந்த மாதிரி இருந்தது. வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. நம்ப விரும்புகிறவனின் மூக்கை எப்படி நம்புவது? சலவைச் சோடா கரைத்து டேங்கிலும் குழாயிலும் நிரப்பி ஊறவைத்தேன். போட்டிருந்த சட்டையைத் தனியாகத் துவைத்து, தலைக்கு ஊற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் முழுக்க ஒன்றை யோசித்தேன். இரண்டு வருடமாக நான் மட்டும் நம்பிய ஒரு விஷயம் நாளைக்கு நிஜமா பொய்யா என்று தெரியப்போகிறது. அதைப் பார்க்க எனக்கு ஆவலாக இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் நான் சொன்னது சரியென்றால் அண்ணியின் செடி போகும். செடி பிழைத்தால் ஊர் முழுக்க என் கேசரிதான் பேச்சு. எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் இருந்து, கடைசியில் மைக்கு வைத்தே சொல்லட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

என் மனைவி ஒரு சிவப்புத் துணியைக் கிழித்து டேங்கின் கைப்பிடியில் கட்டினாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அண்ணியும் நானும் கொல்லைக்குப் போனோம். முதல் வரிசையில் குச்சி நட்ட முனையில் இருந்து பதினோரு செடிகளின் குருத்து சாய்ந்து முறுக்கியிருந்தது. பன்னிரண்டாவது கொஞ்சம் சாய்ந்திருந்தது. இரண்டாம் மூன்றாம் வரிசையில் ஒன்றும் இல்லை. கீழத்தெரு டேங்கு எட்டரைக்கு வந்தது. அதில் தண்ணீர் விட்டுக் குழாய் வழியாக அடித்துக் காட்டச் சொல்லி அண்ணி வாங்கிக்கொண்டார். பன்னிரண்டு மணிக்கு ஏக்கரை முடித்தார். இலையில் மருந்து காய்ந்த பிறகு, மூன்றே முக்காலுக்கு மழை வந்தது.