கணக்கில் சேராத புகை

திருவண்ணாமலை தனி மாவட்டமான வருஷம் தனம் பலராமனுக்கு வாழ்க்கைப்பட்டாள். பத்து வருஷத்தில் இரண்டு பிள்ளைகளும் ஒரு ஆட்டோவும் சேர்ந்தன. செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதியில் அவள் துணி துவைத்தாள். அவன் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றினான். வீட்டில் அடுப்பு எரிந்தது ஆட்டோவால்தான்.

அவன்மேல் கஞ்சா வாடை வருகிறது என்று ஒரு பிள்ளையின் தகப்பன் பள்ளியில் சொல்லிவிட்டார். டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால்தான் இனி பிள்ளைகளை அனுப்புவோம் என்றார்கள். இருவரும் வேங்கிக்காலில் ஒரு டாக்டரிடம் போனார்கள்.

"எவ்வளவு பிடிப்பீங்க?"

"மாசம் ஒரு பொட்டலம் சார். அதுக்கு மேல வாங்கறதில்ல."

"சாமியாருங்க குடுக்கறதையும் சொல்லுய்யா," என்றாள் தனம்.

"அது பிரசாதம்டி. நானா கேக்கறேன்? கிரிவலப் பாதையில உக்காந்தா சிலும்பி தானா சுத்தி வருது."

அவன் ஏமாற்றவில்லை. காசு கொடுத்து வாங்கியதை மட்டும்தான் பிடித்ததாக எண்ணிக்கொண்டிருந்தான்.

"பிரசாதம்னு நுரையீரலுக்குத் தெரியுமாய்யா?" டாக்டர் சிரித்தார். "அளவு கெடக்கட்டும். அதால என்ன பிரச்சினை வந்துச்சுனு பாப்போம். இந்த ஆறு மாசத்துல, விடணும்னு நெனச்சு முடியாம போச்சா? யார்கூடயாவது சண்டை வந்துச்சா? 'இல்ல', 'எப்பவாவது', 'அடிக்கடி', இந்த மூணுல ஒண்ணு சொல்லுங்க."

"இல்ல சார்." எல்லாவற்றுக்கும் அதையே சொன்னான்.

"செய்ய வேண்டிய வேலைய மறந்தது உண்டா?"

"எனக்கென்னா சார் மறதி? இதோ, இவளையே கேளுங்க."

போன வாரம் மத்தியானம் அவன் ஆட்டோவை வாசலில் வெயிலில் விட்டுவிட்டு உள்ளே வந்து படுத்தான். குடத்தோடு வெளியே போன தனம்தான் பார்த்தாள். பின்சீட்டுக்குக் கீழே ஒரு யூகேஜி குழந்தை சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது, வியர்வையில் தொப்பலாக. முகம் கழுவிவிட்டு, மோர் கொடுத்து, தூக்கிக்கொண்டு போய் வீட்டில் விட்டாள். வண்டி பஞ்சர் என்றாள். பெற்றவள், "உங்களுக்குத்தான் சிரமம்கா," என்று காபி கொடுத்தாள். அதையும் குடித்துவிட்டுத்தான் வந்தாள். எழுந்தவனிடம் எதுவும் சொல்லவில்லை.

இப்போதும் சொல்லாமல் இருக்கலாம். சர்டிபிகேட் வந்துவிடும்.

"சொல்லுங்கம்மா," என்றார் டாக்டர்.

பலராமன் தைரியமாக அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"ஒரு கொழந்தைய மறந்துட்டாரு சார்."

சர்டிபிகேட் கிடைக்கவில்லை. வாரா வாரம் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டர். அதுவரை பிள்ளைகளை ஏற்றக் கூடாது.

வெளியே ஆட்டோவில் உட்கார்ந்தவன் வண்டியை எடுக்கவில்லை.

"எந்தக் கொழந்தை?"

"எழிலு. கடைசியா எறங்குமே, அது."

"பொய் சொல்ற."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கை ஹேண்டில்பாரிலேயே இருந்தது.

"சோத்துக்கு என்னா பண்ணப் போற?"

"துணி ஜாஸ்தி வாங்கித் தொவைக்கறேன். நீ பஸ் ஸ்டாண்டுல சவாரி பாரு. இப்ப அவங்க வீட்டுக்கு வுடு. அந்தம்மாகிட்ட சொல்லணும்."

"சொன்னா சும்மா வுடுவாங்களா? வண்டியவே கொளுத்திடுவாங்க."

"கொளுத்தட்டும். எடு."

அவன் குனிந்து ஸ்டார்ட்டர் கம்பியை இழுத்தான். வண்டி கிளம்பவில்லை. மறுபடியும் இழுத்தான்.