எறும்பு போட்ட மழை

எறும்பு என்று அவளுக்குப் பெயர் வைத்தது வகுப்பு. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள், கடித்துக்கொண்டே இருப்பாள் என்பதற்காக வைத்தது. செல்லமாக வைத்தார்கள் என்று யாரும் பொய் சொல்ல வேண்டாம்.

கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கான டெக்னிக்கல் ஆர்ட் படிப்பு, ஒரே வருஷம். படம் வரைகிறவர் ஒரு பக்கம், புரோகிராம் எழுதுகிறவர் இன்னொரு பக்கம். வரைந்த சுவர் விளையாட்டுக்குள் போய் வெயிலில் மின்னவும் மழையில் நனையவும் வேண்டும். அதற்காகக் கம்ப்யூட்டர் திணறிப் படுத்துவிடவும் கூடாது. அதைப் பார்த்துக்கொள்கிற ஆள் நடுவில் நிற்கிறார். தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே அக்கா கேட்டாள், “அப்ப நீ ரெண்டுங்கெட்டானா?”

நாலு மாதம் மெனக்கெட்டு எறும்பு ஒரு மழை செய்தாள். கோடு கோடாக விழும் மழையை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். இவள் மழையில் தெரு மெல்ல இருண்டு, பள்ளம் பார்த்துத் தண்ணீர் தேங்கும். எங்கே தேங்க வேண்டும் என்பதை ஒரு கறுப்பு வெள்ளைப் படம் சொல்லும். வெள்ளை இருக்கிற இடத்தில் குட்டை, கறுப்பில் வெறும் ஈரம்.

பக்கத்து இருக்கைக்காரனை எல்லோரும் ஷோக்கு என்பார்கள். சட்டைக் கையை மடிக்கவே பத்து நிமிஷம் எடுத்துக்கொள்கிற ஆசாமி. “எறும்பு, எப்படிப் பண்ணேன்னு கொஞ்சம் காட்டேன், நானும் கத்துக்கறேன்” என்று குழைந்தான். அவள் வெள்ளந்தியாக எல்லாவற்றையும் திறந்து காட்டினாள். டீ குடிக்கப் போனபோது கம்ப்யூட்டரைப் பூட்டவும் இல்லை.

அரையாண்டில் அவரவர் வேலையைத் திரையில் காட்டும் நாள். அவன் முறை முன்னால் வந்தது. அவனுடைய தெருவில் அவளுடைய மழை பெய்தது. சார் கை தட்டினார். பிறகு அவள் காட்டியதும் சாரின் முகம் மாறியது.

“அடுத்தவங்க வேலையப் பாத்துப் பண்றது தப்பில்லம்மா. ஆனா சொல்லிட்டுப் பண்ணணும்.”

“சார், இது என்னோடது.”

“விடுங்க சார், ஃப்ரெண்டுதானே” என்றான் ஷோக்கு, வள்ளல் மாதிரி.

இருபத்திரண்டு பேர் அவளைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். தேதி போட்ட பழைய ஃபைல்களை எடுத்துக்கொண்டு சாரிடம் போனாள். “அப்புறம் பாக்கலாம்” என்று கதவைச் சாத்திக்கொண்டார். வருஷக் கடைசியில் ஒரு கேம் கம்பெனியிலிருந்து வந்து ஒரே ஒருவரை வேலைக்கு எடுப்பார்கள். அந்த இடமும் அவளுடைய மழையோடு அவனுக்குப் போகப்போகிறது. அவளுக்குக் கோபம்தான் வந்தது. அழுகையெல்லாம் வரவில்லை.

கடைசி மாதம் தன் புரோகிராமைத் திரும்பப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது. கற்றுக்குட்டிகள் செய்கிற தப்பு: குட்டைப் படத்தை வேலையோடு சேர்த்துக் கட்டாமல், காலேஜ் சர்வரில் இருந்த தன் ஃபோல்டரின் முழு முகவரியை உள்ளே எழுதி வைத்திருந்தாள். அந்த மகராசன் ஒரு வரிகூடப் படிக்காமல் அப்படியே சுட்டிருந்தான். ஆகவே அவன் தெருவில் எங்கே தண்ணீர் தேங்க வேண்டும் என்பது இன்னமும் அவள் ஃபோல்டரில்தான் இருந்தது.

தன் மழைக்கு வேறு படம் கொடுத்தாள். பழைய படத்தைக் கறுப்பாக்கி, வெள்ளையில் நாலு வார்த்தை எழுதினாள். எழுத்தின் ஓரங்களைக் கொஞ்சம் பிசிறாக்கவும் செய்தாள். குட்டை குட்டையாகத்தானே தெரிய வேண்டும். மூன்று வாரம் தன் கம்ப்யூட்டரிலேயே வைத்துச் சரிபார்த்து, கம்பெனிக்காரர்களுக்குக் காட்டும் நாளில் அரைமணி முன்னால் சர்வரில் மாற்றினாள். அதுவரை பக்கத்திலேயே உட்கார்ந்து, அவன் ஜோக்குக்கெல்லாம் சிரித்தாள்.

பெரிய திரையில் அவன் தெரு இருண்டது. தண்ணீர் தேங்கத் தொடங்கியது. தேங்கிய தண்ணீரில் தெருவிளக்கு மின்ன, எல்லோரும் வாசித்தார்கள்: ‘இது நான் திருடிய மழை.’

“யாரோ ஏதோ பண்ணிட்டாங்க” என்றான் ஷோக்கு.

“இருக்கட்டும். அந்த எழுத்த எடுத்துட்டுக் காட்டுங்க” என்றார் கம்பெனியிலிருந்து வந்த அம்மா.

அவன் எதையெதையோ திறந்தான், மூடினான். மடித்த சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தான். எறும்பு எழுந்து போய்ப் பத்தே நொடியில் எழுத்தை எடுத்தாள். சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு உள்ளே தேன் குடித்தாற்போல் இருந்தது.

அந்த அம்மா அவளைத் தனியே கூப்பிட்டார். “வேலை பிரமாதம். மழை உன்னோடதுதான், சந்தேகமே இல்ல. எத்தனை நாளா இதைத் தயார் பண்ணே?”

“மூணு வாரம்.”

“மூணு வாரமும் அவன்கூடச் சிரிச்சுப் பேசிட்டிருந்தியா?”

“ஆமா மேடம்.”

“நாளைக்கு என் ஆளுங்க யார் மேலயாவது உனக்குக் கோவம் வந்தா எனக்கு எப்படித் தெரியும்?”

வேலை, வருஷம் முழுக்க விளையாட்டு வீடுகளுக்கு நாற்காலியும் மேசையும் செய்துகொண்டிருந்த வகுப்புப் பெண் ஒருத்திக்குப் போனது.

எட்டு வருஷம் ஆகிவிட்டது. நாலு பேர் வேலை செய்கிற ஒரு சின்ன இடத்தில், யார் யாருடைய விளையாட்டுகளுக்கோ எறும்பு தூசியும் புகையும் செய்கிறாள். பெரிய கம்பெனிகள் மூன்று முறை நேர்காணலுக்குக் கூப்பிட்டு, பழைய கதை காதுக்குப் போனதும் பேச்சை நிறுத்திக்கொண்டன. வலிக்கவில்லை என்று அவள் சொன்னதே இல்லை.

போன வாரம் துணி வெட்டிக்கொண்டே அக்கா கேட்டாள், “அந்த ஒரு நாளுக்காக இவ்வளவும் போச்சேடி. அந்த நாள் திரும்ப வந்தா என்ன பண்ணுவே?”

எறும்பு யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

“எழுத்த இன்னும் பெருசாப் போடுவேன்.”