போன் கம்பிக்குள் ஒரு காடு

என் மகள் ஆபீஸ் விட்டு வந்ததும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். எங்கெங்கோ இருக்கிறவர்களோடு சேர்ந்து வாள், மந்திரம், பூதம் என்று ஒரு விளையாட்டு. ஒருநாள் மேசையைத் தட்டிக் கோபப்பட்டாள். கண்ணெதிரே ஒரு மலை தெரிகிறதாம். ஏறப் போனால் வழுக்கி விடுகிறதாம். விளையாட்டைச் செய்தவன் போட்டுவைத்த பாதையில்தான் போயாக வேண்டுமாம். “அப்புறம் எதுக்கு இவ்வளவு பெரிய உலகத்தைக் காட்டணும்?” என்றாள்.

இதே சண்டையை இருபத்திரண்டு வயதில் நான் ஒரு ஹெட்கிளார்க்கோடு போட்டிருக்கிறேன் என்றேன். அவள் நம்பவில்லை. எழுபதுகளில் ஏது கம்ப்யூட்டர் என்று கேட்டாள். கம்ப்யூட்டர் இல்லை. போன் இருந்தது.

நர்ஸ் படிப்பு முடித்து எனக்குக் கிடைத்த முதல் வேலை மலைமேல் சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் டிஸ்பென்சரியில். கொல்லங்கோட்டிலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு நான் போய் இறங்கிய வாரமே மழை பிடித்துக்கொண்டது. அங்கே இருந்தவர்கள் எல்லாம் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து வந்து ஊன்றியவர்கள். “காய்ச்சலுங்களா, எத்தனை நாளாச்சுங்க?” என்று நான் கேட்டால், சொல்லுக்குச் சொல் நான் போடும் ‘ங்க’வுக்காகவே பெண்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுத்தான் மாத்திரை வாங்குவார்கள்.

டிஸ்பென்சரிச் சுவரில் ஒரு மரப்பெட்டி போன் இருந்தது. எஸ்டேட் முழுவதற்கும் ஒரே கம்பி. கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் ஹெட் ஆபீஸ், இரண்டு முறை சுற்றினால் பேக்டரி, மூன்று என்றால் மேல் டிவிஷன், நான்கு என்றால் நான், ஐந்து என்றால் மேனேஜர் பங்களா. மணி எல்லா இடத்திலும்தான் அடிக்கும். யார் எடுத்தாலும் யார் பேசுவதும் கேட்கும். சாயங்காலம் ஐந்தரைக்கு அவரவர் அன்றைய கொழுந்து எடையையும் வேலைக்கு வந்த ஆள் எண்ணிக்கையையும் ஹெட் ஆபீஸுக்குச் சொல்ல வேண்டும். நான் வந்த நோயாளிகளைச் சொல்ல வேண்டும். அது முடிந்தால் அன்றைய வேலை தீர்ந்தது.

அந்த வருஷம் ஜூலையில் ரோட்டில் உருள் பொட்டியது. மலை இடிந்து மண்ணும் பாறையும் சரிந்து வருவதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். பஸ் நின்றது, பேப்பர் நின்றது, தபால் நின்றது. கூட்டம் ஒன்றுக்காக வெளியூர் போயிருந்த மேனேஜர் அங்கேயே மாட்டிக்கொண்டார். ஐந்தரை ரிப்போர்ட் முடிந்த பிறகும் யாருக்கும் போனை வைக்க மனம் வரவில்லை. மழைச் சத்தத்துக்கு நடுவே மனிதக் குரல் கேட்க வேறு வழியும் இல்லை.

ஹெட்கிளார்க்தான் கதை சொல்ல ஆரம்பித்தார். இடி மாதிரி குரல். நேரில் பார்த்திராத எனக்கு அதைக் கேட்டால் ஆறடி ஆள் என்றுதான் தோன்றும். சாபத்தால் தூங்கிக்கொண்டிருக்கும் ஓர் இளவரசி, அவளை எழுப்ப ஒரு நீலக்கல், அதைக் காக்கும் அரக்கன், கல்லைத் தேடிப் புறப்படும் ஒரு வீரன். இரண்டாம் நாள் வீரன் ஆற்றில் குதித்தபோது மேல் டிவிஷன் ரைட்டர் குறுக்கே பேசினார். ஆள்கணக்கு எழுதும் ரைட்டருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும்.

“நானா இருந்தா குதிக்க மாட்டேன் அண்ணாச்சி.”

“பின்ன என்னவே செய்வீரு?”

“பரிசல்காரன் யாராச்சும் இருக்கானான்னு பாப்பேன்.”

 ஹெட்கிளார்க், சரி, நீரே வீரன், பரிசல் இருக்கிறது, என்றார். விளையாட்டு அப்படித்தான் தொடங்கியது. பேக்டரி கிளார்க் மந்திரவாதியாக வருகிறேன் என்றார். நான் வைத்தியச்சி. யாருக்காவது அடிபட்டால் வேண்டுமே என்று ஹெட்கிளார்க்கே என்னைச் சேர்த்துக்கொண்டார். சண்டை வந்தால் வெற்றி யாருக்கு என்பதைத் தாயக்கட்டை முடிவு செய்யும். கட்டையை அவர் போன் பக்கத்தில் உருட்டுவார். சத்தம் எங்களுக்குக் கேட்கும். என்ன விழுந்தது என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

அடுத்த ஒரு வாரத்துக்கு மனிதர்களுக்கு மருந்து கொடுக்கும் நேரத்தில்கூட எனக்கு அந்தக் காட்டின் நினைப்பாகவே இருந்தது. ஆனால் சீக்கிரமே ஒரு விஷயம் பிடிபட்டது. காட்டில் வழி இரண்டாகப் பிரியும். நாங்கள் வலது பக்கம் போனால் கதை போகும். இடது பக்கம் போகிறோம் என்றால் ஹெட்கிளார்க் சொல்வார்: “எடது பக்கம் உருள் பொட்டிக் கெடக்கு. வழி இல்ல.” வலது பக்கம் வந்தே ஆக வேண்டும். ஒருமுறை வந்த வழியே திரும்புகிறோம் என்றோம். அங்கேயும் உருள் பொட்டியது. தாயக்கட்டையும் எப்போதும் அவருக்கு வேண்டியபடியே விழுந்தது.

“எத்தன உருள் பொட்டும் உம்ம காட்டுல?” என்று ரைட்டர் கேட்டார்.

“மழக்காலம்லா,” என்றார் ஹெட்கிளார்க்.

ரைட்டர் லேசில் விடுகிற ஆளில்லை. அப்படியானால் ஆள் வைத்து மண்ணை அள்ளுகிறேன் என்றார். காட்டில் ஆள் கிடையாது என்றார் ஹெட்கிளார்க். நேற்றுத் தாண்டி வந்தோமே ஒரு கிராமம், அங்கே கங்காணி இருப்பானே, அவனிடம் சொல்லி வரவழைக்கிறேன் என்றார் ரைட்டர். கதையில் கங்காணி இல்லை என்று ஹெட்கிளார்க் சொல்ல, வேலை செய்யும் ஊரில் கங்காணி இல்லாமல் எப்படி என்று அவர் கேட்க, பேக்டரி கிளார்க் அதுவும் சரிதானே என்றார். மூன்று சாயங்காலம் ரைட்டர் அந்த மண்ணை அள்ளினார். எத்தனை மண்வெட்டி, எத்தனை கடப்பாரை, யாருக்கு உடம்பு சரியில்லை என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். பகலெல்லாம் செய்கிற வேலையையே சாயங்காலமும் செய்தார். ஆனால் அவ்வளவு சந்தோஷமான குரலை அந்த மலையில் நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை.

வழி திறந்ததும் இடது பக்கம் என்ன இருக்கிறது என்று ஆவலோடு கேட்டோம்.  அந்தப் பக்கத்தை ஹெட்கிளார்க் யோசித்தே வைத்திருக்கவில்லை. கடைசியில், “ஒண்ணும் இல்ல, புல்லு,” என்றார்.

ரைட்டர் அந்தப் புல்வெளியில் ஒரு டீக்கடை போட்டார். இளவரசி எழுந்திருக்கும்போது எழுந்திருக்கட்டும், போகிற வருகிறவர்களுக்கு இங்கே டீ கிடைக்காமல் இருக்கிறது என்றார். மந்திரவாதி பன் வரவழைத்தார். நான் பக்கத்திலேயே ஒரு டிஸ்பென்சரி வைத்தேன். ஹெட்கிளார்க்குக்குத் தாங்கவில்லை.

“கதைன்னா ஒரு போக்கு வேணும். ஆளாளுக்குக் கடை வச்சா அது சந்தை. இனி நீங்களே நடத்திக்கிடுங்க,” என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டார்.

எங்களுக்கு விடுதலை. அன்று மந்திரவாதி பறக்கக் கற்றுக்கொண்டார். தடுக்க ஆளில்லை. ரைட்டர் அரசரானார். மறுநாள் மந்திரவாதியும் அரசரானார். என் டிஸ்பென்சரிக்கு வந்தவர்கள் எல்லாரும் அன்றைக்கே குணமானார்கள். மூன்றாம் நாள் சொல்வதற்கு எதுவும் இல்லை. யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்லாத ஊரில் என்ன பேசுவது? பேக்டரி கிளார்க் ரேஷன் அரிசியில் நாற்றம் அடிப்பதைப் பற்றிப் பேசினார். நான் என் ரூம் ஒழுகுவதைச் சொன்னேன். நடுநடுவே கம்பியில் ஓர் இருமல் கேட்டது. ஹெட்கிளார்க் போனை எடுத்து வைத்துக்கொண்டு சத்தம் காட்டாமல் கேட்கிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

சலிப்பு தாங்காமல் ரைட்டர் சொன்னார்: “நான் அரக்கன் கோட்டைக்கு வந்துட்டேன். கதவத் தட்டுதேன். உள்ள யாரு?”

பதில் சொல்ல ஆளில்லை என்பது அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது. அரக்கன் ஹெட்கிளார்க்கினுடையவன். அப்போது கம்பியில் இதுவரை கேட்டிராத ஒரு குரல், மெதுவாக, மிகவும் மரியாதையாக:

“வாங்க வாங்க. ஏனுங்க, இந்த மழையில நனைஞ்சுட்டா வந்தீங்க? உள்ள வந்து தலையத் தொவட்டுங்க.”

 அது எங்கள் ஊர்ப் பேச்சு. ஹெட்கிளார்க் தாங்க மாட்டாமல் கத்தினார்: “யாருய்யா அது என் அரக்கன்?”

பங்களாச் சமையல்காரர். மேனேஜர் இல்லாத வீட்டில் தனியாக உட்கார்ந்து முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாராம். கதவைத் தட்டிவிட்டு ஓர் ஆள் மழையில் நிற்கும்போது சும்மா இருக்க முடியவில்லை என்றார். நான் பாதி அழுகையும் பாதி சிரிப்புமாக, நீங்க எந்த ஊருங்க என்று கேட்டேன். கொழிஞ்சாம்பாறையுங்க என்றார். என் ஊரிலிருந்து கூப்பிடு தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அரக்கனை வேறொருவன் பேசுவதைப் பார்த்துக்கொண்டு ஹெட்கிளார்க்கால் ஒதுங்கியிருக்க முடியவில்லை. மறுநாளே திரும்பி வந்தார். அரக்கன் எப்படி இருக்க வேண்டும் என்று சமையல்காரருக்குப் பாடம் எடுத்தார். கோரைப் பல் வேண்டும், உறும வேண்டும், பாலத்தில் வீரனை மடக்கி அடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சரிங்க என்றுவிட்டு, சமையல்காரர் எங்களுக்குச் சோறு போட்டார். கோழிக்குழம்பு, இடித்த மிளகு ரசம், பாயசம். செய்முறையோடு சொல்வார். ஈரத் துணி காயாத அந்த மலையில், வெறும் கஞ்சி குடித்துவிட்டு நாங்கள் அதைக் கேட்டுக்கொண்டிருப்போம்.

“அடிங்க அவன,” என்பார் ஹெட்கிளார்க்.

“சாப்டுட்டு இருக்காருங்களே,” என்பார் அரக்கன்.

இருந்தாலும் எங்கள் கதை அப்போதுதான் கதையாக இருந்தது. ஹெட்கிளார்க் ஒரு பக்கம் இழுப்பார், அரக்கன் ஒரு பக்கம், நாங்கள் மூவரும் வேறொரு பக்கம். நாளைக்கு என்ன நடக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஹெட்கிளார்க்குக்கும் தெரியாது. அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் ஐந்தரை ரிப்போர்ட்டை இப்போது அவரே அவசரப்படுத்தி வாங்கினார்.

ஒரு சாயங்காலம் அரக்கன் போனுக்கு வரவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தோம். பதில் இல்லை. ரைட்டர் சொன்னார், அரக்கன் தூங்குகிறான், நீலக்கல்லை எடுக்க இதுதான் சமயம் என்று. ஹெட்கிளார்க் வேண்டாம் என்றார். பாலத்திலேயே காத்திருக்க வேண்டும், அவன் வந்த பிறகுதான் உள்ளே போக வேண்டும், அதுதான் முறை என்றார். நாங்கள் கேட்கவில்லை.

ரோடு அன்று மத்தியானம் திறந்துவிட்டது என்பதும், மேனேஜர் ஜீப்பில் வந்து சேர்ந்துவிட்டார் என்பதும், சமையல்காரர் அடுப்படியில் அவருக்குச் சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தார் என்பதும் எங்களுக்குத் தெரியாது. பேக்டரியில் என்ன நிலவரம் என்று கேட்கலாமென்று மேனேஜர் போனை எடுத்திருக்கிறார். பேக்டரி கிளார்க்கின் குரல் அவர் காதில் விழுந்திருக்கிறது.

“காவக்காரன கெட்டிப் போட்டாச்சு. சாவி கையில இருக்கு.”

அடுத்து என் குரல்: “இன்னொருத்தனுக்கு மயக்க மருந்து குடுத்துட்டேனுங்க. விடியற வரைக்கும் எந்திரிக்க மாட்டான்.”

அடுத்து ரைட்டர்: “நம்ம ஆளுக இருவது பேரு வெளிய நிக்காவ. பெட்டியத் தூக்குங்க.”

மேனேஜர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஜீப்பில் பாய்ந்திருக்கிறார். பேக்டரி வாசலில் நிஜக் காவல்காரர் கணப்பில் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். எழுந்து சல்யூட் அடித்தார். உன்னை அவிழ்த்துவிட்டது யார் என்று மேனேஜர் கேட்டாராம்.

“என்னய யாருய்யா கெட்டுனது?” என்றாராம் அவர்.

உள்ளே பேக்டரி கிளார்க் கண்ணை மூடிக்கொண்டு, போனில், இருட்டில் படி இறங்கிக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ வருகிறார்கள் என்று அவர் சொன்னது எங்களுக்குக் கேட்டது. நன்றாக விளையாடுகிறார் என்று நினைத்தோம்.

மறுநாள் காலை எல்லாரையும் ஹெட் ஆபீஸுக்கு வரச் சொன்னார்கள். வேலை போய்விட்டது என்றே முடிவு செய்து நான் தகரப்பெட்டியில் துணியை அடுக்கிவிட்டுப் போனேன். இத்தனை வாரம் ஒன்றாகக் காட்டில் அலைந்தவர்கள் அன்றைக்குத்தான் சேர்ந்தாற்போல நின்றோம். ஹெட்கிளார்க் என் தோள் உயரம்தான் இருந்தார். மேனேஜர், யார் இதற்குப் பொறுப்பு என்று கேட்டார். ஹெட்கிளார்க் ஓரடி முன்னால் வந்து, முழுக் கதையையும் தொடக்கத்திலிருந்து சொன்னார். எங்கெங்கே நாங்கள் அவர் பேச்சை மீறினோம் என்பதைக் குறிப்பாகச் சொன்னார். முடிவாக, “பாலத்துல நிக்கச் சொன்னேன்யா. இவங்கதான் உள்ள போனாங்க,” என்றார்.

மேனேஜர் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோள் மட்டும் குலுங்கியது. திரும்பியபோது முகம் கடுமையாகத்தான் இருந்தது. ஹெட்கிளார்க் சொன்னபடி பாலத்திலேயே நின்றிருந்தால் இத்தனை பெட்ரோல் மிச்சம் என்றார். ஆறு மணிக்கு மேல் அவசரம் தவிர யாரும் போனைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டார். வேலை போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹெட்கிளார்க்கின் குவார்ட்டர்ஸில் எல்லாரும் கூடினோம். நேரில் விளையாடலாம் என்று எண்ணம். ஹெட்கிளார்க் தொண்டையைச் செருமி, இருண்ட குகை என்று ஆரம்பித்தார். எங்களுக்கு அவருடைய சின்னச் சட்டையும் வழுக்கையும்தான் தெரிந்தன. அவருக்கு எங்களைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. பேக்டரி கிளார்க் தரையைப் பார்த்தார். ரைட்டருக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் எல்லாருக்கும். சமையல்காரர் பாத்திரத்தைத் திறந்து, நிஜமாகவே கொண்டுவந்திருந்த கோழிக்குழம்பைப் பரிமாறினார். கொஞ்சம் உப்புக் கரித்தது. இருந்தும் பாத்திரம் காலியானது.

அதன் பிறகு நாங்கள் விளையாடவில்லை. அன்று மழை விட்டிருந்தது. சமையல்காரர் காலிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரி வரைக்கும் என்னோடு நடந்து வந்தார். கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் இப்போது தக்காளி என்ன விலை இருக்கும் என்று வழி நெடுக இரண்டு பேரும் எங்கள் ஊர்ப் பேச்சில் வாதாடிக்கொண்டே போனோம்.