என் இனிஷியல் போட்ட விஞ்ஞானி

பிள்ளைங்களா, போன வருஷம் மழைக்கு முன்னால் ஒரு வாரம் உங்கள் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை, உங்கள் ஹோம்வொர்க்கைத் தொட்டும் பார்க்கவில்லை. ஆபீஸ் டென்ஷன் என்று சொல்லி உங்களை டிவி முன்னால் உட்காரவைத்தேன். அது பொய் இல்லை. ஆனால் அந்த டென்ஷனுக்குக் காரணம் நான். வாயால் சொல்ல வரவில்லை, எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா என் மாமா மகள். எங்கள் கல்யாணத்தின்போது அவள் மீன் செவுளில் ஒட்டி வாழும் புழுக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நான் அப்போதும் குட்டியானை லோடு வண்டிதான் ஓட்டினேன். வெள்ளிக்கிழமை காலையில் கோவளம் போய், அவள் பொறுக்கித் தருகிற மீனை ஐஸ் பெட்டியில் அடுக்கி லேபில் இறக்குவேன்.

ரேஷன் கார்டில் அவள் பேரைச் சேர்க்கப் போன அன்று, எல்லாவற்றிலும் என் இனிஷியலையே போட்டுவிடலாம் என்றேன்.

"மாமா, என் கட்டுரையெல்லாம் அப்பா இனிஷியல்ல வந்திருக்கு. வேற ஆளுன்னு நினைச்சுப்பாங்க."

"யாரு நினைப்பா? அந்த மீனுங்களா?" என்று சிரித்தேன். "ஊர்ல எல்லாப் பொண்ணும்தான் மாத்துது. உனக்கு மட்டும் என் இனிஷியல் கசக்குதா?"

அவள் படிவத்தை வாங்கி என் இனிஷியலையே எழுதினாள். ஆதார், பாஸ்போர்ட், கடைசியில் கட்டுரைகள், எல்லாம் மாறின. லேப் கதவில் என் இனிஷியலோடு அவள் பேர்ப்பலகை மாட்டிய அன்று, அதன் பக்கத்தில் நின்று போட்டோகூட எடுத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு இன்றுவரை காண்ட்ராக்ட் வேலைதான். போன வருஷம் ஒரே ஒரு நிரந்தர இடம் வந்தது. வயசு வரம்புப்படி அவளுக்கு அதுதான் கடைசி. கிடைக்காவிட்டால் மார்ச்சோடு லேப் கிடையாது, புழு கிடையாது, ஒன்றும் கிடையாது.

ஒரு விஞ்ஞானி சொன்னதை வைத்து இன்னொருவர் வேலை செய்தால், தன் கட்டுரையின் அடியில் 'இது இன்னார் சொன்னது' என்று எழுத வேண்டும். அப்படி எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள், யார் யாரோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறார் என்று வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் ஒன்று எண்ணிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவர்கள் பட்டியலில் அம்மா பேர் இல்லை.

அன்றைக்கே அந்த வேலைக்கு ஆள் எடுக்கிற ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்த கிளார்க் நல்ல மனுஷன்தான்.

"சிஸ்டம் காட்டுறதுதான் மேடம். உங்க பேர்ல நாலு கட்டுரை."

"பதினொண்ணு சார். முதல் ஏழும் எங்க அப்பா இனிஷியல்ல இருக்கு."

அவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "அவங்க வேற மேடம். ரொம்ப வருஷமா எழுதறதையே விட்டுட்டாங்க. ஆனா பாருங்க, இன்னைக்கும் எத்தனை பேர் அவங்க பேரைப் போடறாங்க! பெரிய ஆள் போல. ரெண்டு பேருக்கும் ஒரே புரொபசர்தான். ஆனா நீங்களும் அவங்களும் சேர்ந்து ஒரு கட்டுரைகூட எழுதலையே?"

"எப்படி சார் எழுதறது?" என்றாள் அம்மா. "அவதான் நான்."

கிளார்க் முகம் மாறிவிட்டது. ரெண்டு கணக்கையும் சேர்க்க அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஆறு வாரம் ஆகுமாம். திங்கள் சாயங்காலத்துக்குள் அந்தப் புரொபசரிடம் கடிதம் வாங்கிவந்தால் கமிட்டியில் வைப்பதாகச் சொன்னார்.

ஊரப்பாக்கத்தில் புரொபசர் வீடு பூட்டியிருந்தது. காசிக்குப் போயிருக்கிறார், திங்கள் காலை ரயிலில் வருகிறார் என்றது பக்கத்து வீடு. போன் எடுக்கவில்லை. ரெண்டு நாள் நான் லோடு ஏற்றவில்லை. வண்டி ஸ்டாண்டில் கூட்டாளி கேட்டான்: "இன்னா மச்சான், ஒரு எழுத்துக்கா இவ்ளோ பேஜாரு? நம்ம பேருக்கு முன்னாடி இன்னா கீதுன்னு எவன் பாக்கறான்?" எனக்கு அவனை அறையத் தோன்றியது. ரேஷன் கார்டு விஷயமாகப் போன அன்று நான் பேசிய பேச்சும் அதே பேச்சுதான்.

திங்கள் காலை தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் புரொபசரைப் பிடித்தோம். கங்கைச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, என் வண்டி முகப்பின் மேலேயே தாளை வைத்து எழுதிக் கொடுத்தார்: இருவரும் ஒருவரே. மதியத்துக்குள் கொண்டுபோய்க் கொடுத்தோம். கிளார்க் சீல் குத்தி வாங்கினார். அன்று மட்டும் அம்மா ரெண்டு இட்லி சாப்பிட்டாள்.

புதன்கிழமை பதில் வந்தது. கம்ப்யூட்டர் தாளில் உள்ளதைத்தான் எடுத்துக்கொள்வார்களாம், கடிதத்தை இல்லை.

கணக்கைச் சேர்க்க அந்தக் கம்பெனி இன்னும் சில சான்று கேட்டு எழுதியிருந்தது. அம்மா அனுப்பவில்லை. போன மாதம் புதுக் கட்டுரை ஒன்றை அனுப்ப உட்கார்ந்தாள். நான் டீ கொண்டுபோய் வைத்தபோது பேர் போடும் இடத்தில் அவள் அப்பாவின் இனிஷியல் இருந்தது.

"தேடறவங்க அவளைத்தானே தேடறாங்க மாமா," என்றாள், என்னைப் பார்க்காமல். "அவ பேர்லயே போகட்டும்."

சரி என்றேன்.

மார்ச் முடிய இன்னும் மூன்று வெள்ளிக்கிழமை இருக்கிறது. மூன்றுக்கும் கோவளம் போவோம். லேப் கதவில் பலகை இன்னும் அப்படியே இருக்கிறது. அதில் இருக்கிற, என் இனிஷியல் போட்ட விஞ்ஞானி, நாலு கட்டுரையோடு நின்றுவிட்டாள்.