பக்கத்துக் கட்டில் அக்கா இன்று உண்மையைச் சொன்னார்

பதுளை ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் அக்கா, நமுனுகுல தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர்.

அவருக்கு இருமலோடு மூச்சு முட்டும். முட்டினால் பயம் வரும். பயந்தால் இன்னும் முட்டும். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆனால் வீட்டுக்காரர் போனில் கேட்டால், "நல்லா இருக்கேங்க, நீங்க வேலைக்குப் போங்க" என்பார்.

இன்று காலை மட்டும், "பயமா இருக்குங்க" என்று சொல்லி அழுதுவிட்டார்.

மதியம் அந்த மனிதர் பஸ் ஏறி வந்துவிட்டார். அக்காவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

இருமல் நிற்கவில்லை. ஆனாலும் அவர் ஊட்டிய சோறு முழுவதையும் அக்கா சாப்பிட்டார்.

"இவரு பக்கத்துல இருந்தா மூச்சு கொஞ்சம் லேசா வருது புள்ள" என்றார் என்னிடம்.

அதற்குள் நேரம் முடிந்ததென்று அவரை அனுப்பிவிட்டார்கள். நோயாளியைப் பார்க்கும் நேரத்தை இவ்வளவு குறைவாக வைத்த புண்ணியவான் யாரென்று யாருக்காவது தெரியுமா?