எந்தக் கோடு, அண்ணை?

பிள்ளைகளே, லண்டன் சித்தப்பா ஏன் கோடை விடுமுறைக்கு வரவில்லை என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

வேலையிடத்துச் சண்டையில் அவர் அடித்து ஒருவரின் தாடை உடைந்துவிட்டது. அங்கே சிறிய குற்றங்களை நீதவான் விசாரிப்பார். கொலை போன்றவை பெரிய நீதிமன்றத்தில், சாதாரண ஆட்கள் பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரிக்கு முன் போகும். சித்தப்பாவின் குற்றம் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. நீதவான் தானே விசாரிக்கச் சம்மதித்தாலும், ஜூரிதான் வேண்டும் என்று இவர் கேட்கலாம்.

எங்கள் குடும்பத்தில் எதையும் மூத்தவனான என்னைக் கேட்டுத்தான் செய்வது. நான் இங்கே நம் லாசாலில் பஸ்ஸுக்கு நின்றபோது சித்தப்பாவின் போன் வந்தது.

“எந்தக் கோடு, அண்ணை? நீதவான் கோடோ, ஜூரிக் கோடோ?”

“லோயர் என்ன சொல்லுறார்?”

“என்னையே முடிவெடுக்கட்டாம். நீங்கள் சொல்லுங்கோ.”

“ஜூரியைக் கேள். பன்னிரண்டு பேரிலை ஒருத்தருக்கெண்டாலும் இரக்கம் வரும்.”

“ஓம் அண்ணை.”

பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

பன்னிரண்டு பேரும் குற்றவாளி என்றார்கள். மூன்று வருடச் சிறை. நீதவானால் தனியே அவ்வளவு கொடுக்க முடியாது என்று பிறகுதான் அறிந்தேன். சித்தப்பா என்னைக் குறை சொல்லவில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை.

தீர்ப்பு வந்த மறுநாள் நீங்கள் பள்ளிக்கூடம் போனபின், அவருக்கென்று அலுமாரியில் ஒதுக்கி வைத்திருந்த தட்டில் என் சட்டைகளைத் திரும்ப அடுக்கினேன்.